கூடுதல் எடை

இன்ஜின் நின்றுபோன குட்டி விமானத்தைப் பைலட் எப்படியோ ஒரு வயலில் இறக்கினார். அவருக்குக் கீறல்கூட இல்லை. பக்கத்து இருக்கையிலிருந்த ஐந்து வயது மகள் போய்விட்டாள்.

அந்த விமானங்களில் ஏறுகிற எல்லோரையும் முதலில் எடை பார்ப்பார்கள். மீண்டும் வேலைக்கு வந்த நாளிலிருந்து, அவர் தனியாக ஏறி நின்றாலும் முள் பதினெட்டுக் கிலோ கூடுதலாகவே காட்டியது. "மெஷின் பழசுங்க சார்" என்று எடை பார்ப்பவர் தலையைக் குனிந்துகொள்வார். மற்றவர்களுக்கெல்லாம் அது சரியாகத்தான் காட்டியது. மூன்று வருடத்தில் பதினெட்டு இருபத்தைந்தானது. வளர்கிற பிள்ளை.

"இன்னைக்கு எவ்வளவுங்க?" என்று சாப்பிட உட்காரும்போது மனைவி கேட்பாள். அதைக் கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

இன்று இருபது என்றார்.

சோறு பிசைந்துகொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது.

"பிள்ளை வயித்தைக் காயப்போடுதுங்க" என்றாள். "அங்க ஊட்டிவிட யாரு இருக்கா?"