விற்ற பிறகு

காரின் டாஷ்போர்டு தரையில் கிடந்தது.

கல்கத்தா லேக் கார்டன்ஸில், ஆபீஸ் சீனியர் மகாதேவன் வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கிய ஸ்ரீநாத் அப்படியே நின்றுவிட்டான். ஒரு பழைய பெட்ஷீட்டின்மேல் டாஷ்போர்டு, ஸ்பீடோமீட்டர், ரேடியோ, ஏதேதோ குழாய்கள். எவர்சில்வர் தட்டு நிறைய ஸ்க்ரூக்கள். காரின் முன்பக்கத்தில் மகாதேவன் தலையை உள்ளே விட்டு மல்லாந்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே.

போன வாரம் வரை அது அவருடைய கார். இப்போது ஸ்ரீநாத்தின் கார். முழுப் பணமும் கொடுத்து, பேர் மாற்றக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. நாளை காலை மனைவி மேக்னாவையும் கைக்குழந்தையையும் அதில் ஏற்றிக்கொண்டு அவன் காங்டாக் கிளம்பவேண்டும். மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. சாமான்கள் ஏற்கெனவே லாரியில் போய்விட்டன.

சனிக்கிழமை வண்டி தருகிறேன் என்றவர், அப்புறம் ஞாயிறு என்றார். காரணம் கேட்டால், "சின்ன வேலை" என்றார்.

இன்று காலை ஆபீஸ் நண்பர் சிவலிங்கம் போனில் சொன்னதுதான் அவனைக் கிளப்பிவிட்டது.

"உங்க மகாதேவனை நேத்து மல்லிக் பஜார்ல பார்த்தேன்ப்பா. பழைய பார்ட்ஸ் கடையில. கார்லேர்ந்து கழட்டின பித்தளைச் சாமான் ஒண்ணைக் கையில வச்சுக்கிட்டு கடைக்காரன்கிட்ட பேரம் பேசிக்கிட்டிருந்தாரு."

அதைக் கேட்டு மேக்னா பொரிந்து தள்ளினாள். "தெரிஞ்சவாகிட்ட வாங்காதேன்னு சொன்னேன். ஷுன்லே நா! கேக்கலையே நீ!" கோபம் வந்தால் அவளுக்குப் பாதி வங்காளம்தான் வரும்.

"என்ன சார் பண்ணிண்டிருக்கேள்?" காரின் பக்கத்தில் போய்க் கத்தினான் ஸ்ரீநாத்.

கால்கள் அசைந்தன. "யாரு, ஸ்ரீநாத்தா? சாயங்காலம் வரச் சொன்னேனே."

"எதுக்கு சாயங்காலம்? அதுக்குள்ள எல்லாத்தையும் கழட்டி வித்துடலாம்னா?"

மகாதேவன் வெளியே வந்து உட்கார்ந்தார். பனியன் முழுக்கத் துருத் தண்ணீர். "எதை விக்கறது?"

"மல்லிக் பஜார்ல உங்களைப் பார்த்தவா இருக்கா சார். வித்த வண்டியில கை வைக்க உங்களுக்கு என்ன உரிமை? நல்லதை உருவிண்டு ஓட்டையைச் சொருகினா எனக்கு எப்படித் தெரியும்? மலைப்பாதையில வண்டி நின்னுபோனா கைக்குழந்தையோட நான் எங்கே போவேன்?"

எதிர் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

"ஆபீஸ்ல உங்களைப் பத்தி எத்தனை மரியாதையாப் பேசறா! மெக்கானிக்கைக்கூடக் கூட்டிண்டு வரலை. நீங்க சொன்னதை அப்படியே நம்பினேன். ஒரு பொருளை விக்கறவனுக்கு மனசாட்சி வேண்டாமா சார்? வாங்கறவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா எதை வேணா தலையில கட்டிடறதா?"

மகாதேவன் வாயைத் திறப்பதற்குள் காரின் பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. டார்ச்சைப் பிடித்தபடி அவர் மனைவி ஜெயலக்ஷ்மி உட்கார்ந்திருந்தாள்.

"நன்னாக் கேளுப்பா! ரெண்டு நாளா நானும் அதைத்தான் கேக்கறேன். ஆத்துல ஃபேன் சுத்தலை, அதைப் பார்க்க நேரமில்லை. கல்கத்தால மே மாசத்துல கார் ஹீட்டரை ரிப்பேர் பண்ற ஒரே மனுஷர் இவர்தான்!"

"ஹீட்டரா?"

"நீதானே கேட்டே, ஹீட்டர் இருக்கா சார்னு." மகாதேவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "இருக்குன்னு சொல்லிட்டேன். நீ போனப்புறம்தான் தோணித்து, இந்த ஊர்ல நான் அதை ஒரு தடவைகூடப் போட்டதில்லையேன்னு. போட்டுப் பார்த்தேன். கண்ணாடி பூரா ஆவி. காலடியில வெந்நீர்."

பெட்ஷீட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். குட்டி ரேடியேட்டர் மாதிரி இருந்தது. பித்தளை பச்சையாக அரித்துப்போய், ஓரத்தில் ஓட்டை.

"மெக்கானிக் என்ன சொன்னான் தெரியுமா? ஹீட்டரை விட்டுட்டு ரெண்டு குழாயையும் ஒண்ணோட ஒண்ணு சேர்த்து இறுக்கிடலாம் சார், இந்த வெயில்ல யார் ஹீட்டர் போட்டுப் பார்க்கப்போறான்னான். எல்லாரும் அதைத்தான் பண்ணச் சொல்றாளாம்."

ஸ்ரீநாத் அந்த ஓட்டையை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"குளிர்ல குழந்தைக்கு மூச்சு இழுக்கும்னு மேக்னா சொன்னாளே. டிசம்பர்ல அங்கே ஹீட்டரைப் போட்டு ஒண்ணும் வரலேன்னா, என்னைத்தானே நினைச்சுப்பே? அதான் பழசைக் கையில எடுத்துண்டு போய், அளவு பார்த்து வேற வாங்கிண்டு வந்தேன். டாஷ்போர்டு மொத்தத்தையும் கழட்டினாத்தான் கை உள்ளே போறது. மாட்டியாச்சு. மூடறதுதான் பாக்கி."

"காபி தரட்டுமா," என்றாள் ஜெயலக்ஷ்மி, "இல்லை, இன்னும் திட்டறது மிச்சம் இருக்கா?"

ஸ்ரீநாத் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்க்ரூ தட்டின் பக்கத்தில் உட்கார்ந்தான். கேட்டதை எடுத்துக் கொடுத்தான். சாயங்காலம் இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டார்கள். அனல் மூஞ்சியில் அடித்தது. வேர்வை வழிய மகாதேவன் குனிந்து காலடி விரிப்பைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

சாவியை நீட்டினார்.

ஸ்ரீநாத் வாங்கிக்கொண்டான். ஆனால் கிளம்பவில்லை.

"சார், உங்க ஸ்பேனர் செட்டை எடுத்துண்டு போகட்டுமா? ராத்திரிக்குள்ள திருப்பிக் கொடுத்துடறேன்."

"எதுக்குடா? அதான் எல்லாம் சரியாயிடுத்தே."

"ஸ்கூட்டருக்கு. பின் பிரேக் பிடிக்கறதே இல்லை."

மகாதேவன் சிரித்தார். "அதைத்தான் நம்ம ஆபீஸ் இஸ்மாயிலுக்கு வித்துட்டியே?"

"ஆமாம் சார்," என்றான் ஸ்ரீநாத். "அவர் வீடு கிடர்பூர்ல. இப்பவே போகணும்."