நடைக்கு இருபது பேர்

"அண்ணே, அந்தக் கடைசி சீட்டுல உக்காந்திருக்கிற ஆளை நாளையிலேருந்து ஏத்தாதீங்க," என்றாள் தையல் கம்பெனி அக்கா, டிக்கெட்டை வாங்கிக்கொண்டே.

கண்டக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. யாரைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டு மாதத்துக்கு மேலாக அந்த மனிதர் காலை முதல் நடையிலேயே ஏறிவிடுகிறார். புறநகரின் கடைசி நிறுத்தம் வரை வருவார். இறங்க மாட்டார். அதே பஸ்ஸில் திரும்பிப் போவார், மறுபடி வருவார். டிக்கெட் மட்டும் ஒவ்வொரு நடைக்கும் தவறாமல் எடுத்துவிடுவார். பத்து நடை, பத்து டிக்கெட். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். யாரோடும் ஒரு வார்த்தை பேச்சில்லை.

"நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லங்கிற கதைதான்," என்பார் டிரைவர். மருமகளோடு ஒத்துப்போகாமல் வீட்டை விட்டுக் கிளம்பி வருகிறார் என்பது அவர் கண்டுபிடிப்பு.

அக்கா அப்படி நினைக்கவில்லை. அவள் மகள் பத்தாவது படிக்கிறாள். சாயங்கால நடையில் பள்ளிக்கூடம் விட்டு வருகிறவள். வயசுப் பிள்ளைகள் வந்து போகிற வண்டியில் ஒருத்தன் வேலை வெட்டி இல்லாமல் சுற்றினால் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள்.

"நீங்களும் பொண்ணைப் பெத்தவர்தானே," என்றாள் கடைசியாக.

கண்டக்டருக்குச் சுருக்கென்று தைத்தது. அவருக்கும் இரண்டு பெண்கள்.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வெறும் பொட்டலாகக் கிடந்த இடம் இது. இன்றைக்கு அறுநூறு வீடுகள். வீடு வந்தது, வீட்டுக்கு மேல் மாடி வந்தது, மாடிக்கும் குடித்தனம் வந்தது. சாக்கடையும் தெருவிளக்கும் பஸ்ஸும் மட்டும் வரவில்லை. மெயின் ரோட்டுக்கு இருட்டில் நாலு கிலோமீட்டர் நடக்கப் பயந்து அக்காவின் மகள் ஒரு வருஷம் படிப்பையே நிறுத்தியிருந்தாள். 'ஆறு மாசத்துல வாசல்ல பஸ் நிக்கும்னு சத்தியம் பண்ணி மனையை வித்தானே பாவி, அவன் குடும்பம் விளங்குமா' என்று அக்கா சாபம் விட்டால், பஸ்ஸில் பாதிப் பேர் ஆமாம் போடுவார்கள்.

இப்போது ஓடுகிற பஸ்கூட மூன்று மாத வெள்ளோட்டம்தான். நடைக்குச் சராசரியாக இருபது பேர் ஏறினால் நிரந்தரம். இல்லையென்றால் வண்டியை வேறு தடத்துக்கு மாற்றிவிடுவார்கள். காலையிலும் மாலையிலும் கூட்டம் நெரியும். நடுப்பகலில் ஈ ஓட்டலாம். காத்திருந்து அலுத்துப்போனவர்கள் ஆளுக்கொரு ஸ்கூட்டர் வாங்கி எத்தனையோ வருஷம் ஆகிறதே.

அன்று மத்தியானம் கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். டிரைவர் டீ குடிக்கப் போனார். அந்த மனிதர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரே, கொஞ்சம் இறங்குங்க," என்றார் கண்டக்டர்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

கண்டக்டர் எதையும் மறைக்கவில்லை. பொம்பளைப் பிள்ளைகள் வருகிற வண்டி, பெற்றவர்கள் பயப்படுகிறார்கள், காரியம் இல்லாமல் இனிமேல் ஏற வேண்டாம் என்று கறாராகவே சொன்னார். அந்த மனிதரின் முகம் செத்துப்போயிற்று. அப்படி ஓர் எண்ணம் யாருக்காவது வரும் என்று அவர் நினைத்தே பார்த்திருக்கவில்லை போல.

"இன்னும் ஒன்பது நாள் பொறுத்துக்குங்க தம்பி. அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டேன்."

"அது என்ன கணக்கு, ஒன்பது நாள்?"

கேட்டுவிட்டுக் கண்டக்டர் அப்படியே நின்றார். வெள்ளோட்டம் முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. கைப்பையிலிருந்து நேற்றைய டிரிப் ஷீட்டை எடுத்துப் பார்த்தார். பத்து நடைக்கு இருநூற்று நாலு பேர். அதில் பத்து டிக்கெட் இவருடையது. அதைக் கழித்தால் நடைக்கு இருபது தேறாது. முந்தாநாளும் அப்படித்தான்.

கண்டக்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. டிரைவரோடு சேர்ந்து தானும் சிரித்த சிரிப்பெல்லாம் நினைவுக்கு வந்தது.

"தப்பா பேசிட்டேன் ஐயா, மனசுல வெச்சுக்காதீங்க. சாயங்காலம் அந்த அக்காகிட்ட நானே சொல்றேன். விஷயம் தெரிஞ்சா ஜனங்க உங்களைத் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடுவாங்க."

"வேண்டாம், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." அவர் பதறிப்போய்க் கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, சொல்லல. உங்க வீடு இதுல எந்தத் தெரு? அதையாவது சொல்லுங்க."

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெயிலில் வரிசை வரிசையாக மொட்டை மாடிகள் தெரிந்தன.

"எனக்கு இங்க வீடு கிடையாது தம்பி. பன்னெண்டு வருஷத்துல ஆளு பாதியா இளைச்சுட்டேன், அதனால யாருக்கும் அடையாளம் தெரியல," என்றார் அவர். "இவங்க எல்லாருக்கும் மனையை வித்தவன் நான்தான்."