விமானக் கம்பெனிக்கு ஓர் ஒத்திகை

"முன்பின் தெரியாதவங்ககிட்ட எனக்குப் பேச வாயே வராதுங்க," என்றாள் அவள். வெளிநாட்டு ஹோட்டல் அறை அது.

கணவர் விமானக் கம்பெனி நம்பரையும் ஹோட்டல் வரவேற்பறை நம்பரையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். "டிக்கெட் உன் பேர்ல. இன்னைக்கே கிளம்பற மாதிரி மாத்த விமானக் கம்பெனிகிட்ட நீதான் பேசணும். முதல்ல கீழே வரவேற்பறை போனுக்கு அடி. நானே கம்பெனிக்காரன் மாதிரி குரலை மாத்திப் பேசறேன். சிரிச்சுடாதே!"

அவர் இறங்கிப் போனதும் அவள் கைபேசியில் நம்பரை அழுத்தினாள். டிக்கெட் நம்பரைச் சொல்லி, இன்றைக்கே மாற்றித் தரக் கேட்டாள்.

"இன்னைக்கு சீட் இல்லையே மேடம்," என்றது கரகரத்த குரல்.

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. "கதை விடாதீங்க! நாளைக்கு என் பொண்ணுக்குப் பிரசவம். சீட் தராம போனை வைக்கமாட்டேன். ஒழுங்காத் தேடுங்க!"

"சாயங்காலம் ஒண்ணு இருக்கு மேடம். மாத்திடறேன்."

"அப்படி வாங்க வழிக்கு!"

சற்று நேரத்தில் கணவர் மூச்சிரைக்க வந்தார். "பயந்துட்டியா? ஏன் எனக்கு அடிக்கவே இல்ல?"

அவள் கைபேசி சிணுங்கியது. புது டிக்கெட் வந்திருந்தது.