அளவுக்கு ஒரு நெல்

குடவாசல் கணினி மையத்தில் மாலை வகுப்பு முடிந்து, மின்விசிறி மட்டும் கடகடக்கிறது. சபிஹாவின் திரையில் அவளுடைய வலைத்தளம் வெளியிடத் தயாராக நிற்கிறது. முகப்பில், அட்டையிலும் தகட்டிலும் அவளே செய்த, உள்ளங்கைக்குள் அடங்கும் அறுவடை இயந்திர மாதிரியின் படம். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு நெல்லை வைத்துப் படமெடுத்திருக்கிறாள். நிழல் சரியில்லை, கோணம் சரியில்லை என்று ஒரு வாரமாக அதே நெல்லோடு திரும்பத் திரும்ப எடுக்கிறாள். வெளியிடும் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. பக்கத்து இருக்கை எழில்மொழி எட்டிப் பார்க்கிறாள். “ஏண்டி, இவ்ளோ பெரிய மிஷினு ஒரே ஒரு நெல்லத்தான் அறுத்துச்சா?” “அது அளவுக்குடி.” “எந்த நெல்லு? பொன்னின்னா சின்னது, மோட்டான்னா பெருசு. மிஷின் அளவே மாறிப்போவுமே.” சபிஹாவின் விரல் மவுஸிலிருந்து விலகுகிறது. அது, நெல் காயும் தார்ச்சாலையில் பொறுக்கியது. ரகம் அவளுக்குத் தெரியாது. பையிலிருந்து, அதைப் பத்திரப்படுத்தியிருக்கும் தீப்பெட்டியை எடுத்துத் திறந்து அந்த நெல்லை நீட்டுகிறாள். ஜன்னல் வெயிலில் அதைப் புரட்டிப் பார்க்கிற எழில்மொழி, களத்தில் ஈரம் பார்க்கிற பழக்கத்தில், பல்லிடுக்கில் வைத்துக் கடிக்கிறாள். கடுக்கென்று சத்தம் வருகிறது. “மோட்டாதான். நல்லா காஞ்சிருக்கு” என்றவள், சபிஹாவின் முகத்தைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்துகிறாள். “அய்யோ, கடிச்சிட்டேனாடி?” தீப்பெட்டி காலியாக இருக்கிறது. அதே நெல்லோடு இனி ஒரு படம் எடுக்க முடியாது. சபிஹா படத்தின் கீழே ‘பக்கத்தில் இருப்பது மோட்டா நெல்’ என்று தட்டச்சு செய்கிறாள், பொத்தானை அழுத்துகிறாள்.