எண்ணூறு வீடுகளுக்கு ஆட்சேபணை

டிரைவர் தன் முகவரியைச் சொல்லி வாயை மூடுவதற்குள் மனு எழுதும் அம்மாள் எழுத ஆரம்பித்துவிட்டார். டிரைவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அம்மா, நான் இன்னும் விஷயத்தையே சொல்லலை."

"வயல்ல எண்ணூறு வீடு கட்டப் போறாங்க, கூடாதுன்னு ஆட்சேபணை மனு. இன்னிக்குத்தான் கடைசி நாள். அதானே சார்? உட்காருங்க."

உட்கார்ந்தார். தாலுகா அலுவலக மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு பெஞ்சு. இருபது வருஷமாக மனு எழுதிக் கொடுக்கிற அந்த அம்மாளுக்கு அதுதான் கடை. ஊரார் கஷ்டத்தை எழுதி எழுதி மனசு மரத்துப்போய், எல்லோர் தலையிலும் ஒரே மனுவைக் கட்டி அனுப்புகிறார் போலிருக்கிறது என்று நினைத்தார் டிரைவர். எழுந்து போய்விடலாம்தான். ஆனால் முப்பது வருஷம் பஸ் ஓட்டிய கை, பேனாவைக் கொடுத்தால் சண்டித்தனம் செய்யும்.

"ஏனோதானோன்னு எழுதிடாதீங்கம்மா. இது என் வீட்டுக்காரி உயிர் விஷயம்."

அவர் மிகைப்படுத்தவில்லை. பஞ்சாலையில் வேலை பார்த்தே மனைவியின் நுரையீரல் பாதி போய்விட்டது. டாக்டர் பேச்சைக் கேட்டு டவுன் வீட்டை விற்றுவிட்டு, ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்தக் கிராமத்துக்கு வந்தார்கள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக அறுபது வீடுகள், அதில் வயலை ஒட்டிய கடைசி வீடு இவர்களுடையது. ஜன்னலைத் திறந்தால் நல்ல காற்று வரும். அந்தக் காற்றை நம்பித்தான் அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள்.

இப்போது அந்த ஜன்னலுக்கு எதிரே எல்லைக்கல் நட்டுவிட்டார்கள். லாரியும் ஜல்லியும் சிமென்ட்டுப் புழுதியுமாக நாலு வருஷம் வேலை நடக்குமாம். "அவ்வளவு நாள் நான் தாங்க மாட்டேங்க" என்று காலையில் சட்டையை மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"படிக்கிறேன், கேளுங்க" என்றார் அந்த அம்மாள்.

கேட்கக் கேட்க டிரைவரின் கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது. கிணறுகள் வற்றப்போவது இருந்தது. ஒற்றை வண்டிப் பாதையில் லாரி வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எந்தப் பக்கம் ஒதுங்குவார்கள் என்ற கேள்வி இருந்தது. மூச்சு நோய்க்காரர்கள் புழுதியில் படப்போகும் பாட்டுக்குத் தனியாக ஒரு பத்தியே இருந்தது. மனைவிக்கு என்ன நோய் என்று அவர் வாயே திறக்கவில்லை.

"ஊருக்குக் கிழக்கே ஓடும் ஓடையை மண் போட்டு மூடக் கூடாது" என்று வந்ததும் டிரைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஓடையா? எங்க ஊர்ல அப்படி எதுவும் கிடையாதேம்மா. நான் தினம் நடக்கிற பக்கம்தானே அது."

அந்த அம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"ஆமா சார். இப்ப இல்லைதான்" என்று ஸ்கேலை வைத்து அந்த ஒரு வரியை மட்டும் அடித்தார்.

கையெழுத்துப் போட்டு, மனுவை வாங்கிக்கொண்டு டிரைவர் ஓடினார். ஐந்து மணி என்று எழுதிப்போட்டுவிட்டு நாலு ஐம்பதுக்கே சாத்துகிற ஜன்னல் அது. குமாஸ்தா கதவில் கை வைத்துவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி மனுவை உள்ளே தள்ளி, நகலில் முத்திரை வாங்கிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

நன்றி சொல்லாமல் போக மனம் வரவில்லை. திரும்பி வந்தபோது அந்த அம்மாள் மேசையை ஒழித்துக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா, முதல்ல உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். என் மனசுல கிடந்ததை அப்படியே எழுதிட்டீங்க. எப்படி முடிஞ்சுது?"

"புதுசா எதுவும் எழுதலை சார். முன்னாடி எங்கப்பாவுக்கு எழுதிக் கொடுத்த மனுதான். அவருக்கும் மூச்சு நோய். ஒரு வார்த்தை மறக்கலை."

"இப்ப எப்படி இருக்காரு?"

"போயிட்டாரு."

டிரைவர் முத்திரை விழுந்த நகலை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கேட்கலாமா, வேண்டாமா என்று தயங்கிவிட்டுக் கேட்டார்.

"அந்த மனு... ஜெயிச்சுதாம்மா?"

அந்த அம்மாள் பேனாவை மூடினார்.

"அந்த இடத்துலதான் சார் நீங்க குடியிருக்கீங்க."