நான்காவது பட்டன்

"மார்ச் 9. நான்காவது பட்டனை நீக்காமல், கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து மட்டும் வைத்திருக்கிறேன். தவறு என்னுடையது" என்று தன் மாலைநேரக் கணினி வகுப்புக்கான நோட்டில் எழுதுகிறாள் மகள். பக்கவாதத்தில் பேச்சிழந்த அப்பாவுக்காக அவள் அமைத்த டேப்லெட் திரையில் தண்ணீர், வலி, விளக்கு என்று மூன்று பட்டன்கள்தான் தெரிகின்றன. கீழே வெறும் வெள்ளை. மதிய வெளிச்சம் அதன்மேல் அசையாமல் கிடக்கிறது. அப்பாவின் விரல் மூன்றையும் தாண்டி மெல்ல ஊர்ந்து, அந்த வெள்ளையில் போய் நிற்கிறது. "பயமா இருக்கு" என்கிறது டேப்லெட், அவள் பதிந்துவைத்த அவளுடைய குரலிலேயே. "வீட்டுக்குள்ள பாம்பு வந்தப்பகூட பேப்பர் படிச்சிட்டிருந்த மனுஷன். அவருக்கென்னடி பயம், எடுத்துடுன்னு அன்னைக்கே சொன்னேனே" என்கிறாள் அம்மா. "மறைச்சுட்டேம்மா. அப்பா அதைப் பார்த்ததே இல்ல." அப்பா திரையைப் பார்க்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். விரல் மறுபடி அதே இடத்தை அழுத்துகிறது. அவள் நோட்டில் அடுத்த வரியை எழுதுகிறாள்: நாளை, நான்காவது பட்டனை எல்லாவற்றுக்கும் மேலே, பெரிதாக வைக்க வேண்டும்.