புருசனுக்கு என்ன எண்?

"ஏனுங்க சார், சங்ககிரியில இருந்து ஒரு பொண்ணு போன்ல கதறுதுங்க. புருசன் கட்டையால மண்டைய உடைச்சுட்டானாம். கம்ப்யூட்டர் என்னமோ ஆபத்து பூஜ்யம்னு காட்டுதுங்க!" பெண்கள் உதவி மையத்தில் போன் எடுக்கும் உஷாராணி பதறினாள்.

புரோகிராம் எழுதிய நவநீதன் நிமிரவே இல்லை.

"அடிச்சவன் யாருன்னு வார்த்தையில இருந்தா கம்ப்யூட்டர் கணக்குப் போடாதுங்க. அதான் எண்ணா மாத்தினேன். திருடன் மூணு, பக்கத்து ஊட்டுக்காரன் ரெண்டு, சொந்தக்காரன் ஒண்ணு, புருசன் பூஜ்யம். பூஜ்யத்துக்கு ஜீப் போகாது."

"புருசன் அடிச்சா ரத்தம் வராதுங்களா?"

"அது குடும்ப விசயமுங்க."

உஷாராணி தானே போலீசுக்குச் சொல்லி ஜீப்பை அனுப்பினாள்.

மதியம் பெண் இன்ஸ்பெக்டர் மையத்துக்கு வந்தார். "அந்தப் பொண்ணு மோனிஷா பொழைச்சுக்கிச்சு" என்று உஷாராணியிடம் சொன்னவர், நவநீதனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"பொண்டாட்டி மண்டைய உடைச்சுப்போட்டு நேரா வேலைக்கு வந்துட்டயாடா?"